என் பக்கம் பேசிய காஜாவுக்கு

எங்கே இருந்தாலும் சண்டைக்குத் தயாராக இருக்கும் என் காஜா மச்சானுக்கு,

முதலில் இந்த வாரச் செய்தி. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உன் காதில் ஏறாது.

கிரிக்கெட்டில் நம்மவர்கள் மானத்தை வாங்கிவிட்டார்கள். கையில் இருந்த ஆட்டம். கடைசி நான்கு ஓவரில் நிதானமாக ஆடுகிறவனை உட்கார வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுற்றுகிறவனை அனுப்பினார்கள். முதல் பந்திலேயே திரும்பி வந்தான். அரசியல் கேட்கிறாயா? போன மாதம் மேடை போட்டு ஒருவரை ஒருவர் ஏசிய இரண்டு தலைவர்கள், செவ்வாய்க்கிழமை ஒரே சால்வைக்குள் நின்று பல்லைக் காட்டினார்கள். அதில் ஒருவர் உன் ஆள்தான். இதற்கும் ஒரு நியாயம் வைத்திருப்பாய் நீ.

இதையெல்லாம் நான் யாரிடம் சொல்ல? ஐந்தருவி டீக்கடை பெஞ்சில் போன ஞாயிறும் போய் உட்கார்ந்தேன். சாரல் நன்றாக இருந்தது. கடைக்கார அண்ணாச்சி நம் பந்தயத்தை ஒரு வெளியூர்க்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் தேர்தலுக்கும் மேட்சுக்கும் முன்கூட்டியே முடிவு சொல்லுவாவ. எவன் சொன்னது தப்பாப் போவுதோ, அவன் அடுத்த ஞாயித்துக்கெழம பூரா மத்தவன் கட்சியப் பேசணும். சிரிக்கப்படாது. அதக் கேக்கதுக்குன்னே ஆளுக குளிக்காம உக்காந்திருப்பாவ." வெளியூர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். போன வருஷம் அருவி சீசனில் நம் தொகுதியில் உன் கட்சிதான் ஜெயிக்கும் என்று அடித்துச் சொன்னாய். தோற்றது. அந்த ஞாயிறு நீ என் கருத்துகளைப் பேச வேண்டிய நாள். யாரோ என் மகள் செல்வியின் கபடியைப் பேச்சில் இழுத்தார்கள். அவள் ஆடவேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள், அவள் மாமா என்று கூப்பிட்ட நீதான். ஆனாலும் பந்தயம் பந்தயம்தானே! நான் வீட்டில் கத்துவதை அப்படியே எடுத்து விட்டாய்.

"பொட்டப்பிள்ளைக்கு என்னத்துக்குய்யா கபடி? முட்டி ஒடஞ்சா நாளைக்கு எவன் கெட்டுவான்? ஆடுனது போதும்னு சொல்லி வீட்டுல இருக்கச் சொல்லு."

கூட்டம் கைதட்டியது. அவள் அம்மாவோடு அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு என்னைத் தேடி வந்த செல்வி, உன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நம் பந்தயத்தை வீட்டுக்குத் தெரியாமல்தானே நடத்திக்கொண்டிருந்தோம்? அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் பள்ளிக்கூட அணியிலிருந்து பேரை எடுத்துவிட்டாள். நீ ஜவுளிக்கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு என் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி வந்தாய். "ஏலே சுப்பையா, பிள்ள நெசம்னே நெனச்சிட்டா லே. நான் வந்து சொல்லுதேன்." நான்தான் தடுத்தேன். "விடு மச்சான், நல்லதாப் போச்சு." பத்து நாளில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. காஜா, நான் செய்ததிலேயே கேடுகெட்ட காரியம் அதுதான்.

இந்த வியாழக்கிழமை டிவியில் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. நம் பிள்ளைகள் ஜெயித்தார்கள். ஒரு பெண் ஒரே மூச்சில் நான்கு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். நான் எழுந்து நின்று, "ஏட்டி செல்வி, இங்கன வந்து பாரு" என்றேன். அடுக்களையிலிருந்து பதில் வந்தது: "அவளுக்கு நல்ல மாமா வாய்ச்சிருப்பாரு."

அதற்கு மேல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பந்தயம், நீ பதறி ஓடி வந்தது, நான் தடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை காலையில் பையோடு வந்து நின்றாள். "குத்துக்கல்வலசை கிரவுண்டுல பிள்ளைக ஆடுதாங்க. கொண்டு விடுதீங்களா?"

என் மகள் ஆடி நான் பார்த்ததே இல்லை, மச்சான். ஒரு வருஷம் ஆடாத கால். எதிரே ஏழு பேர். கபடி கபடி என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து அமுக்கினார்கள். முடிந்தது என்று நினைத்தேன். அவர்களையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டாள். அம்மாடி! எனக்குப் புல்லரித்துவிட்டது. என் வீட்டில் சோறு தின்று வளர்ந்த பிள்ளையா இது? இவ்வளவு பெரியதையா நான் முட்டி, கல்யாணம் என்று சொல்லி மூடி வைத்தேன்? உனக்கு மட்டும் எப்படி முன்பே தெரிந்தது?

ஆட்டம் முடிந்து, முகமெல்லாம் மண்ணோடு வந்து தண்ணீர் குடித்தாள்.

"யப்பா, நான் நம்பிட்டேன்னு மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் தாயி."

"கடேசி வரைக்குமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்காரப் போனேன். "நீங்க தள்ளிப் போங்க" என்றாள். போய் நின்றேன்.

திங்கட்கிழமை மறுபடியும் அணியில் பேர் கொடுக்கிறாள். முதல் ஆட்டம் கடையத்தில். அவள் எவ்வளவு தூரத்தில் நிற்கச் சொல்கிறாளோ, அவ்வளவு தூரத்தில் நின்று ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்ப்பேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
நீ மருமகளே என்று கூப்பிட்ட பிள்ளையின் அப்பன்,
சுப்பையா