மோசஸ் விழுங்கிய அப்பாவின் பல்

செம்பாக்கம்
செவ்வாய்க்கிழமை

என் செல்ல மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் சுகம். நீ அந்த அயர்லாந்து மழையில் நனையாமல், ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போன வாரம் மூன்று நாள் நாங்கள் வீடியோ கால் எடுக்கவில்லை என்று கோபப்பட்டாய். நெட் போய்விட்டது என்று மெசேஜ் போட்டேனே, அது பொய், ஆண்டவர் மன்னிக்கட்டும். போனில் எழுதினால் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்துவிடுகிறார், அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். பதறாமல் படி.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. ராஜகீழ்ப்பாக்கத்தில் பல் டாக்டரைப் பார்ப்போம் என்றேன். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தினவன் ஒரு பல்லுக்காக இன்னொருத்தனிடம் வாயைத் திறப்பேனா என்று கிராம்பு எண்ணெய் வாங்கி வந்தார். அதில் யூஜினால் என்று ஒன்று இருக்கிறதாம், பல் டாக்டர் ரூமில் அடிக்கிற வாசனையே அதுதானாம், நரம்பை மரத்துப்போக வைக்குமாம், கிருமியையும் கொல்லுமாம். எல்லாம் சரி, பஞ்சில் ஒரு சொட்டு நனைத்து வைக்க வேண்டியதை பாட்டிலோடு வாயில் கவிழ்த்தால் என்ன ஆகும். ஈறு வெந்து போய், நாக்கும் உதடும் மரத்து, என் பெயரைக்கூட அவரால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அந்த நிலைமையில் உன் மீனுக்குத் தீனி போடக் குனிந்திருக்கிறார். முன்பக்கம் கழற்றி மாட்டுகிற இரண்டு பல் செட் நழுவினது அவருக்குத் தெரியவே இல்லை. தொட்டியில் விழுந்ததும் மோசஸ் ஒரே கவ்வாகக் கவ்விக்கொண்டது. நீ விட்டுப்போனபோது உள்ளங்கை அளவு இருந்த ஆஸ்கர் மீன் இப்போது ஒரு ஜாண் நீளம், வாய் அதற்கு மேல்.

செட் அதன் தொண்டையில் குறுக்கே மாட்டிக்கொண்டது. மூன்று நாள் அது சாப்பிடவில்லை, அப்பாவும் சாப்பிடவில்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே அப்பாவின் பல் தெரிந்தது. எதிர்வீட்டுக் காந்திமதி வந்து பார்த்து, அக்கா, மீன் அப்படியே சார் மாதிரி சிரிக்குது என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை ஜெனி, நீ போன் பண்ணினால் எங்களைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தானே விசாரிக்கிறாய். பல் டாக்டருக்கே போன் போட்டேன். பேஷன்ட்டுக்கு என்ன வயசு என்றார், ஆறு என்றேன். பால் பல்லா என்றார், மீன் என்றேன், வைத்துவிட்டார்.

கடைசியில் கீழ்க்கட்டளையில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிற வேதாசலம் வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் கிராம்பு எண்ணெய் இருக்கா அக்கா. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நமக்கு ஈறு மரத்துப்போகிற மாதிரி மீனுக்கு மொத்த உடம்பும் தூங்கிவிடுமாம், அளவு மீறினால் மூச்சும் நின்றுவிடுமாம். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்று வெதுவெதுப்பான நீரில் குலுக்கி, மோசஸை மாற்றி விட்டிருந்த பக்கெட்டில் சொட்டுக் கணக்காக விட்டார். மோசஸ் தள்ளாடித் தள்ளாடி ஒருக்களித்தது. அவர் இடுக்கி எடுக்கத் திரும்பின நேரத்தில் அப்பா, பாவம் வலிக்கப்போகிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டார். பல் செட் இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்தது. மீனின் செவுள் அசையவில்லை.

தொட்டித் தண்ணீரில் பிடித்து, வாய் வழியாகத் தண்ணீர் செவுளுக்குப் போகிற மாதிரி மெதுவாக முன்னால் தள்ளிக்கொண்டே இருங்கள் என்றார் வேதாசலம். நான் தள்ளினேன், என் முதுகு போனதும் அப்பா தள்ளினார். அரைமணி நேரம் ஆயிற்று. விடுங்க சார், வேறு நல்ல மீன் தரேன் என்றார் வேதாசலம். அப்பா பல் இல்லாத வாயோடு, இது என் பொண்ணோட மீன் என்றார், அவ்வளவுதான் சொன்னார். கண்ணீர் மூக்கு நுனியில் இருந்து தொட்டிக்குள்ளேயே சொட்டியது, கையை மட்டும் நிறுத்தவில்லை. அப்புறம் ஒரு செவுள் லேசாகத் திறந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். மறுநாள் காலை இறால் தின்றது.

பல் செட்டை சோப்புப் போட்டு நாலு தடவை கழுவிக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டுதான் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்தார். நன்றாக வாசித்தார் என்று எல்லாரும் சொன்னார்கள், நான்தான் தலையை நிமிர்த்தவில்லை.

கடைவாய்ப் பல் இன்னும் வலிக்கிறது. டாக்டரிடம் போகச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொல், நீ சொன்னால் போவார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே.

ஒன்று மறந்துவிடாதே. ஜெனிக்கு எதுவும் தெரியக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இந்தக் கவரையும் அவர்தான் தபால் ஆபீசுக்கு எடுத்துப் போகிறார். உள்ளே கருவாட்டுத் தொக்கு செய்முறை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். போன் பண்ணும்போது தொக்கு நன்றாக வந்தது என்று அவரிடம் சொல்லிவிடு.

உன் அன்பு அம்மா,
ஞானசௌந்தரி தேவானந்தம்