எபிக்குப் போட்ட ஷெட்

இரும்புலியூர்,
மே மாதம், சனிக்கிழமை.

அன்பு மகன் எபிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். வாத்தியாராக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்குக் கை வரவில்லை. சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அவ்வளவுதான். உங்கள் மலையில் இந்த மாதத்திலும் குளிர்கிறது என்று உங்கள் இல்லத்துக் கவுன்சிலர் போனில் சொன்னார். இங்கே குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் டீத்தூளைப் போட்டாலே போதும் போலிருக்கிறது. இந்தக் கடிதத்தை அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார் என்று தெரியும். படிக்கட்டும். குடிநோயாளிகள் இல்லத்தில் ஆலோசனை சொல்கிறவருக்குத் தெரியாத எதையும் நான் புதிதாக எழுதிவிடப் போவதில்லை.

அம்மாவுக்கு மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை. துணி பிழிய முடியவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத்தான் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எலும்பு டாக்டரிடமே அப்படித்தான் சொன்னாள். நீ தள்ளியதை நானும் பார்த்தேன், உன் மனைவி பிளஸ்ஸியும் பார்த்தாள், உன் மகள் ஜெரூஷாவும் பார்த்தாள். ஆனாலும் உன் அம்மா தபீதாள் சொல்கிற விதத்தைக் கேட்டால் எனக்கே அந்த பாத்ரூம் தரைமேல் கோபம் வருகிறது.

ஜூன் முதல் வாரத்தில் உன்னை அனுப்பிவிடுவார்கள் என்று தகவல் வந்ததும் பிளஸ்ஸியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அவர் வரட்டும் மாமா. ஆனா இந்த வீட்டுக்குள்ள வேணாம். வந்தா நான் ஜெரூவக் கூட்டிட்டு கேளம்பாக்கத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன். சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அமைதியாகச் சொன்னாள். மூன்று தடவை நீ திருந்தி வந்ததை நம்பியவள் அவள். அவளை நான் என்ன கேட்க முடியும்?

உனக்கு வெளியே வாடகைக்கு ரூம் பார்த்தேன். தாம்பரத்தில் நம்மைத் தெரிந்தவர்கள் கொடுக்கமாட்டார்கள். தெரியாதவர்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் நம் வீட்டின் பின்பக்கத்தில், கிணற்றுக்கும் எட்மண்ட் வீட்டுச் சுவருக்கும் நடுவே இருக்கிற காலி இடத்தில் இரும்பு ஷெட் போட முடிவு செய்தேன். செங்கல் வைத்துக் கட்டினால் நீ வருவதற்குள் முடியாது. ஷெட் என்றால் தூண் நட்டு, ஷீட்டை முடுக்கிவிட்டால் ஆயிற்று என்று வெல்டிங் கடை சிட்டிபாபு சொன்னான்.

கிராஃப் பேப்பரில் நானே பிளான் வரைந்தேன். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் ஏறுவது உனக்குத் தெரியும், அதனால் தரையை நன்றாக உயர்த்தியிருக்கிறேன். வெறும் தகரம் போட்டால் நீ உள்ளே வெந்துவிடுவாய் என்று, நடுவில் பஞ்சு மாதிரி அடைத்து வருகிற ஷீட்டாக வாங்கிப் போட்டேன். ராத்திரியில் வீட்டுக்குள் வரத் தேவையில்லாதபடி கக்கூஸும் அதற்குள்ளேயே. நம் சமையலறையைப் பார்த்தமாதிரி ஒரு ஜன்னல் வரைந்திருந்தேன். பிளஸ்ஸி அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஜன்னல அந்தப் பக்கம் வைக்க முடியாதா மாமா?" என்று கேட்டாள். ரப்பரால் அழித்து, எட்மண்ட் வீட்டுச் சுவர்ப் பக்கம் மாற்றி வரைந்தேன். காற்று குறைவாகத்தான் வரும்.

இனி எழுதப்போவது உன் அம்மா செய்த வேலை. நம் ஆட்கள்தான் ஜெபிக்காமல் ஒரு கொடிக்கம்பிகூடக் கட்டமாட்டார்களே. முதல் தூண் நடுகிற அன்றைக்குப் போதகர் வந்தார். தூணில் கை வைத்துக்கொண்டு, "என்ன காரியத்துக்காக ஜெபிக்கணும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தபீதாள் முந்திக்கொண்டாள். "ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க வந்து படிக்கிறதுக்கு ரூமு, ஐயா" என்றாள். மனிதர் அப்படியே பூரித்துப்போனார். இந்த வயதிலும் பிள்ளைகள்மேல் இப்படி ஒரு பாரமா, இவ்வளவு அக்கறையா என்று சொல்லி, சபையில் உள்ள குழந்தைகளைப் பேர் பேராகச் சொல்லி ஜெபித்தார். வெயிலில் என் தலை சுற்றியது. அவர் ஆமென் சொன்னார், நானும் ஆமென் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலேயே அறிவித்துவிட்டார். ஆராதனை முடிந்து எத்தனையோ பேர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்ட மாதிரி நின்றேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவைத் திட்டினேன். "எம் புள்ளைய வூட்டுக்கு வெளிய வைக்கப்போறோம்னு அந்த மனுஷன் கிட்ட எப்படிங்க சொல்லுவேன்?" என்று கேட்டுவிட்டு, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு நான் என்ன திட்டுவது?

சென்ற வாரம் பெண்கள் சங்கத்துக்காரர்கள் ஒரு ஆட்டோ நிறையப் பாய்களும் ஒரு கரும்பலகையும் கொண்டுவந்து இறக்கினார்கள். தபீதாள் அவர்களுக்கு மோர் கரைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து சிட்டிபாபு கதவைத் தூக்கி நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான். "சார், தாப்பா உள்ள வெக்கிறதா, வெளிய வெக்கிறதா? சாமான் போட்ற ரூமுன்னா வெளிய. மனுசன் இருக்கிற ரூமுன்னா உள்ள. இது இன்னா ரூமு சார்?" என்று கேட்டான்.

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். பாய்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "மனுஷன் இருக்கிற ரூம்தான்ப்பா. என் மகன் எபிக்கு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். மோர்ச் சொம்பை வைத்துவிட்டு உன் அம்மா உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண்கள் நல்லவர்கள். பாய்களைத் திரும்ப எடுத்துப்போகக் கூச்சப்பட்டு, அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒன்றை உனக்கு விரித்துவைக்கிறேன். போதகர் மறுநாள் வந்து, வேறு மாதிரி ஒருமுறை ஜெபித்துக்கொள்ளலாமா என்றார். இருக்கட்டும் ஐயா என்று சொல்லிவிட்டேன். என்னால் இன்னொரு ஆமென் சொல்லியிருக்க முடியாது.

சிட்டிபாபு தாழ்ப்பாளை உள்ளே வைத்துவிட்டுப் போனான். கதவை மூடி, உள்ளே நின்று நானே போட்டுப் பார்த்தேன். நன்றாக விழுகிறது. உண்மையைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது. என் மகன் மனிதன், அவன் இருக்கிற ரூமுக்கு உள்ளேதான் தாழ்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை பிளஸ்ஸி அந்தக் கதவைத் திறந்து பார்த்தாள். ஜெரூஷா அவள் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். "வெளியிலயும் ஒண்ணு வைக்கச் சொல்லுங்க மாமா" என்றாள் பிளஸ்ஸி. ஏன் என்று நான் கேட்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க முடியவில்லை. சிட்டிபாபுவைத் திரும்ப வரவழைத்தேன். வெளியே ஒன்று வை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

எபி, நீ வந்ததும் அதைப் பார்க்கத்தான் போகிறாய். யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்றுதான் எழுதினேன். கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே. உனக்குப் போக வேறு இடம் இல்லை, எங்களுக்கும் வேறு மகன் இல்லை.

இனிமேல் குடிக்கமாட்டேன் என்று பதில் எழுதாதே. அந்த வார்த்தையைப் படிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கர்த்தர் அந்தந்த நாளைக்கு வேண்டிய பலத்தை உனக்குக் கொடுக்கட்டும். நான் கேட்பது வேறு. உன் அம்மாவின் கையில் பலமில்லை. பிளஸ்ஸி அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே வரமாட்டாள். அந்த வெளித் தாழ்ப்பாளைப் போடவேண்டி வந்தால், நான்தான் போய்ப் போடவேண்டும். நீ உள்ளே இருந்து அப்பா, அப்பா என்று தட்டுவாய். நானும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த இடத்தில் என்னை நிறுத்திவிடாதே, ராஜா.

உன் அப்பா,
அசரியா.