கிருமி வளரவில்லை

இன்று காலை இன்குபேட்டரைத் திறந்ததும் அதே வாடை, ஆறிப்போன இறைச்சிச் சாறுபோல. நேற்றுத் தடவி வைத்த தட்டில் டைபாய்டு கிருமி ஒழுங்காக வளர்ந்திருந்தது. வேலந்தாவளத்து மாட்டு வியாபாரி ஒருவரின் ரத்தம். முன்பின் தெரியாதவருக்கெல்லாம் வளர்கிறது. உங்களுக்குத்தான் வளரவில்லை.

கொல்லங்கோட்டில் இந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் ஒன்றாக இருந்தோம். நீங்கள் ரத்தம் எடுப்பீர்கள், நான் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். கொம்பு சீவிய காளைக்கு அஞ்சாதவர்கள் உங்கள் ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "மாட்டு டாக்டரு ஊசியில பாதிகூட இல்லீங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்பீர்கள். அவர் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

ஒரு மழை நாளில், டீ குடித்துக்கொண்டே கேட்டீர்கள்: "ஏனுங்க, இந்த டைபாய்டுக்குக் கையுமில்ல, பல்லுமில்ல. எப்படிங்க உள்ள போகுது?"

சொன்னேன். அதன் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் உண்டு. குடலின் செல்லில் ஊசியைக் குத்தித் தன் புரதங்களை உள்ளே செலுத்தும். அந்தப் புரதங்கள் செல்லின் உள்கட்டமைப்பைக் கலைத்து மாற்றும். செல்லின் தோல் மடிப்பு மடிப்பாக எழும்பி, கிருமியைத் தானே அணைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கதவை உடைப்பதில்லை. வீட்டுக்காரரையே திறக்க வைக்கிறது.

நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "அப்ப அவனும் நம்ம தொழில்தானுங்க. நாம எடுக்கறோம், அவன் ஏத்தறான். சிரிஞ்சு எங்கீங்க வாங்கறான்?"

"அதுவே செஞ்சுக்கும்."

"பெரிய பார்ட்டிதான். செல்லுக்கு வலிக்குமுங்களா?"

தெரியாது என்றேன்.

"வலிச்சிருந்தா உள்ள உட்டிருக்காதுங்க. நல்ல கைக்காரன்."

பிறகு ஒரு வாரத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் விட்டுப்போகும் சாம்பிள் மாத்திரைகள் நம் மேசை இழுப்பறையில் கிடக்கும். சோதிக்காமல் மருந்து சாப்பிடாதீர்கள், பாதியில் நிறுத்தாதீர்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியவர்கள் நாம்தான். தும்மினால் முதலில் அந்த இழுப்பறையைத் திறப்பவர்களும் நாம்தான். நான் ஒரு ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்து நீட்டினேன். மூன்று நாள் விழுங்கினீர்கள். காய்ச்சல் இறங்கியது, மீதியை மேசையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். இரண்டு நாளில் திரும்ப ஏறியது. மீதியையும் விழுங்கினீர்கள்.

அதன் பிறகுதான் ரத்தம் எடுத்தோம். என்னைத் தொடவிடவில்லை. "உங்க கைய நம்பி என்ற நரம்பைக் குடுக்க முடியாதுங்க" என்று இடக்கையில் நீங்களே குத்திக்கொண்டீர்கள்.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: ஏற்கெனவே மருந்து எடுத்தாரா? எடுத்திருந்தால் உடம்பில் கிருமி இருந்தாலும், ரத்தத்தை விட்டு வளர்க்கும் புட்டியில் வளராமல் போகலாம். இது எனக்குத் தெரியும், தெரிந்ததற்காகத்தான் சம்பளம். எழுதினால் இழுப்பறையைப் பற்றியும் எழுத வேண்டிவரும். முதலாளி படிப்பார். கட்டத்தை விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள், 'கிருமி வளரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த அறிக்கையில் பொய் ஒன்றுமில்லை. உங்களைப் பார்த்த பாலக்காட்டு டாக்டர் அதை நம்பி, டைபாய்டு இல்லை என்று வேறு வியாதிகளைத் தேடினார். அவர் தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் குடல் ஓட்டையாகிவிட்டது. வயிற்றைத் திறந்த சர்ஜன் பார்த்ததும் சொன்னாராம், இது டைபாய்டுதான் என்று. அதைக் கேட்க நீங்கள் கண் விழிக்கவில்லை.

இப்போது ரத்தமும் நான்தான் எடுக்கிறேன். எல்லோரிடமும் முதலில் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் புட்டியை எடுப்பதில்லை. முதலாளி என்னைப் பொறுப்பானவன் என்கிறார்.

போன மாதம் உங்கள் வீட்டுக்காரம்மா சர்க்கரை பார்க்க வந்தார். கையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க அன்னிக்கு மாத்திரை குடுத்ததுனாலதானுங்க நாலு நாளாச்சும் எந்திரிச்சு நடமாடுனாரு. நேர்ல சொல்லோணும்னு இருந்தேன்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"வெறும் வயிறுதானே?" என்றேன்.

"ஆமாங்க."

ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொன்னேன். போகும்போது கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் சொன்ன நன்றியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. என்னிடமே இருக்கிறது.