எது மாமூல்?

இன்று கல்லறைத் திருநாள். ஒலக்கூரில் உன் கல்லறை மேல் உருகிய மெழுகுவர்த்தியின் வாசனை இன்னும் என் புடவையில் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, உன் கொழுந்தனார் வீட்டார் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லையடி.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். ஆண்டு விழாவுக்கு லேடீஸ் ஸ்டாஃப் மாமூலாகக் கோலம், டீ, பலகாரம் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் அடுத்த விஷயத்துக்குப் போனார். நீ எழுந்தாய். "எது சார் மாமூல்? நாங்க வந்தே ஒரு மாசம்தான ஆவுது?" அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். பலகாரத்தை என்னவோ நாம்தான் தட்டில் வைத்தோம்.

விழுப்புரம் பஸ்ஸில் திரும்பும்போதும் நீ அடங்கவில்லை. மாமூல் என்றால் வழக்கம், அவ்வளவுதானே என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். "போலீஸ்காரன் கடைக்காரன்கிட்ட வாங்கறதுக்கும் அதான பேரு? ரெண்டும் ஒண்ணுதான்டி. குடுக்கறவங்கள இஷ்டமான்னு கேக்காம எடுத்துக்கறது" என்றாய். முன்சீட்டுக்காரர் திரும்பி உன்னை ஒரு முறை முறைத்தார்.

அப்பேர்ப்பட்ட உன்னை என்ன செய்தார்கள் பார். முகையூரில் அம்மா கல்லறைப் பக்கத்தில் வைக்கச் சொல் என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். உன் வீட்டுக்காரரும் போய், பிள்ளையும் இல்லாத உனக்குக் கொழுந்தனார்தான் எல்லாம். நீ கண்ணை மூடியதும் அவரிடம் தெளிவாகவே சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "கட்டிக்கினு வந்த பொண்ண பொறந்த ஊருக்கா தூக்கினு போவாங்க? மாமூலா நடக்கறதுதான டீச்சர்" என்றவர், பந்தல்காரருக்குப் போன் போட்டார். கெட்ட மனுஷராக இருந்தாலாவது வாய்விட்டுத் திட்டியிருப்பேன்.

இன்று வீட்டுக்கு வந்ததும் மகனை உட்கார வைத்தேன். "நான் போனப்புறம் எவளாவது வந்து எனக்காக சொன்னா எடுபடாதுடா. என்னை எங்க வைக்கணும்னு இப்பவே கேட்டுக்க" என்றேன். எதுக்கு இந்தப் பேச்செல்லாம் என்று முகத்தைச் சுளித்தான். அப்புறம் டிவியை நிறுத்திவிட்டு, "சரி, எங்கேம்மா?" என்றான்.

இந்த ஒரு வார்த்தையை உன்னிடம் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையேடி.