ஆறாவது பல்

கொழிஞ்சாம்பாறை,
10.6.1957

அன்புள்ள தாவூதுக்கு,

இங்கு நலம். அங்கே நீயும் சௌதாவும் குழந்தை பீவியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் நீ ஒருநாள் எழுந்து, "யானைக்குப் பல் விழுமா சார்?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். ஓய்வு பெற்ற பிறகுதான் வாளையார் மர டிப்போவில் பதில் கிடைத்தது. அங்கே கிடந்த ஒரு யானைத் தாடையைப் பாகன் புரட்டிக் காட்டினார். முன்னால் தேய்ந்து சில்லாகிப்போன கடைவாய்ப் பல். அதைத் தள்ளிக்கொண்டு பின்னாலிருந்து ஒரு புதுப் பல், செங்கல் அளவு. வாழ்நாளில் ஆறு முறை இப்படி வருமாம். கடைசியும் தேய்ந்தால் தழை மெல்ல வழியில்லை, அவ்வளவுதான். சுறாவுக்கு விழ விழ முளைக்கிறது. எலியின் முன்பல் சாகும்வரை வளர்கிறது. நமக்கோ இரண்டே முறை. அதிலும் சில பற்கள் ஒரே முறை.

நேற்று உன் அண்ணன் மஜீத் உன் கடிதத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னான். பீவியின் கடைவாய்ப் பல்லில் குழி, வருகிற திங்களன்று கம்பவுண்டர் பிடுங்கப்போகிறார் என்று எழுதியிருந்தாய். நான் பதறினேன். அவன் சிரித்தான். "ஏனுங்க சார், ஆறு வயசுப் புள்ள. முன்பல்லே இன்னும் உழுகல. கன்னுக்குட்டி வாயிங்க அது! புடுங்குனா தானா மொளைக்குது, உடுங்க" என்றான்.

மாட்டுத் தரகர் வீட்டுப் பிள்ளை, நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். சந்தையில் உதட்டைத் தூக்கி முன்பல்லை எண்ணுவீர்கள். பின்னால் யார் பார்க்கிறார்கள்? கன்றுக்குக்கூட முன்பல் விழுமுன்பே பின்னால் நிலையான பல் சத்தமில்லாமல் வந்துவிடுகிறது. குழந்தைக்கும் ஆறு வயதில் அப்படியே. எதுவும் விழாமல் வருவதால் அதையும் பாற்பல் என்று எண்ணிவிடுகிறோம்.

என் மகள் புஷ்பமேரிக்கு நானே அப்படிப் பிடுங்கவைத்தேன். பள்ளிக்கூட வாத்தியார்! அவளுக்கு இப்போது முப்பது வயது. அந்த இடம் இன்னும் வெறும் ஈறுதான். ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போ; அங்கே பல்லைப் பிடுங்காமல் குழியை அடைத்துத் தரும் பல் டாக்டர் உண்டு. நீ போய்வரும் இரண்டு நாள் உன் கடையைச் சௌதா பார்த்துக்கொள்வாள்.

ஆண்டவன் குழந்தைக்குத் துணையிருக்கட்டும். கடிதம் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு, பீவியை வெளிச்சத்தில் உட்காரவைத்து, நடு முன்பல்லிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார். பாற்பல் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். வலிக்கும் பல் ஆறாவதாக வந்தால், பிடுங்க விடாதே.

உங்கள் நலம் விழையும்,
சூசையப்பன்