முப்பத்துநான்கு அங்குல பேன்ட்

என் வாயாடி மகளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் என் தையல் மெஷினும் நல்ல சுகம். நீ அங்கே சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது, அதனால் முதலில் திட்டிவிட்டுப் பிறகு கேட்கிறேன். பதினொரு தீர்மானங்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாயாம், காலை நாலரைக்கு எழுவது, ஒரு மணி நேரம் ஓடுவது, இனிப்பைத் தொடாமல் இருப்பது, வாரம் ஒரு புத்தகம், வேலை உயர்வுப் பரீட்சைக்குத் தினம் மூன்று மணி நேரம் படிப்பு, இன்னும் என்னென்னவோ. பன்னிரண்டாம் நாள் எல்லாம் கவிழ்ந்துவிட்டதாம். அதோடு நிறுத்தியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதில் பாதியாவது முடிக்காமல் இந்த வருட விடுமுறைக்கு வீட்டுக்கு வரமாட்டேன், இந்தக் கோலத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்க வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உன்னைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. அம்மா அந்த வரியைப் படித்துவிட்டு, "அப்படியே அப்பன உரிச்சு வெச்சிருக்கா" என்று ஒரே போடாகப் போட்டாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை உனக்குச் சொல்லவே கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், இப்போது நானே போட்டு உடைக்கிறேன். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் என்னிடம், சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இடுப்பைக் கொஞ்சம் குறையுங்கள் என்றார். கொஞ்சம் என்றுதான் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் உன் சித்தப்பா மகள் கல்யாணம் வருகிறது, அதற்குள் நாற்பது அங்குல இடுப்பை முப்பத்துநான்கு ஆக்கிக் காட்டுகிறேன் என்று அம்மாவிடம் வீராப்பாகப் பேசி, நல்ல சாம்பல் நிறத் துணியாக எடுத்து அன்றைக்கே முப்பத்துநான்குக்கு பேன்ட் வெட்டிவிட்டேன். கடையில் அளவு கொடுக்கிறவர்கள் டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்குவார்கள், "மூச்ச விட்டு நில்லுங்க சார், போட்டுக்கப் போறது நீங்கதானே" என்று முப்பது வருடமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறவன் நான். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தால் பின்னால் பிரித்துவிட உள்ளே இரண்டு அங்குலத் துணி மடித்து வைக்காமல் விடமாட்டேன். எனக்கு வெட்டும்போது மட்டும் ஒரு விரல் துணிகூட உள்ளே விடவில்லை, விட்டால் என் மன உறுதிக்கு அவமானமாம்!

ஐந்து நாள் விடியற்காலையில் எழுந்து பாலம்வரை ஓடினேன், ஆறாம் நாள் முழங்கால் வீங்கிக் கட்டிலில் விழுந்தேன். எழுந்து நடக்க இரண்டு வாரம் ஆனது, இனி என்ன, எல்லாம்தான் போயிற்றே என்ற வெறுப்பில் முன்னைவிட அதிகமாகவே சாப்பாட்டை வெட்டினேன். கல்யாணத்தன்று காலை நான் கட்டிலில் மல்லாந்து மூச்சைப் பிடித்துக்கொள்ள, அம்மா இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்டப் பார்க்க, பட்டன் தெறித்து அலமாரிக் கண்ணாடியில் போய் அடித்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர். பிரித்துவிட உள்ளே துணி ஏது? பழைய பேன்டையே மாட்டிக்கொண்டு கூனிக்குறுகிப் போனேன். உன் சித்தப்பா, "அண்ணன் வந்தாச்சு, இனி எனக்கென்ன கவல" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கூட்டத்தில் ஒருவர் கண்ணும் என் இடுப்புப் பக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் சின்னதாக ஆரம்பித்தேன். ஒரு துணி தைத்து முடித்ததும் எழுந்துபோய்க் கடையின் கோடியில் இருக்கும் கொக்கியில் நானே மாட்டிவிட்டு வருகிறேன். சாயங்காலம் ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கிறேன். அவ்வளவுதான். மழை பெய்தால் நம் ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவேன், அதற்காக மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்டுவதும் இல்லை. அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமும் ஆறிப்போன டீயை நின்றுகொண்டே குடித்தவள், இப்போது நாலு மணிக்கு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து சுடச்சுடக் குடிக்கிறாள். போன வாரம் என் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று கூப்பிட்டேன், "பத்து நிமிஷத்துக்கு நான் ஊர்லயே இல்ல" என்று பதில் வந்தது. கண்ணாடி என் நெற்றியில்தான் இருந்தது. இப்போது என் இடுப்பு முப்பத்தெட்டரை, டேப்பைப் பிடித்த அம்மா முப்பத்தொன்பது என்று சாதிக்கிறாள். சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், அன்றைக்குக் கடைவரைக்கும் விசிலடித்துக்கொண்டே போனேன்.

அதனால் பதினொன்றில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடு. நாள் முழுக்க ஆய்வகத்தில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு மூன்று மணி நேரப் படிப்பு எப்படி ஓடும்? தினம் இரண்டு பக்கம் படி. மதியச் சாப்பாட்டைப் பையிலிருந்து எடுத்து நடந்துகொண்டே கொறிக்காமல் உட்கார்ந்து சாப்பிடு. தூக்கம் வந்தால் தூங்கு, அதற்குத் தீர்மானமெல்லாம் வேண்டாம். ஒரு நாள் தவறினால் தவறட்டும், உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே, அந்த வேலையைச் செய்ய இங்கே நான் இருக்கிறேன். உனக்கும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைத்துக்கொள்ளம்மா. இப்போது கேட்கிறேன், சுகமாக இருக்கிறாயா?

நல்ல உடம்போடும் நிம்மதியான மனதோடும் நீ நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. விடுப்புக்கு வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று நீதான் சொன்னாய், மறந்துவிடாதே, வியாழக்கிழமையே கொடுத்துவிடு. ஒன்பது கிலோ கூடிவிட்டேன் என்று கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாயே, அதையும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "ரெண்டு வருஷமா கண்ணுல காணாத பொண்ணு ஒன்பது கிலோ கூடுதலா கெடச்சா எனக்குக் கசக்குதா, வரச் சொல்லுங்க" என்றாள்.

இப்படிக்கு,
நாள் எண்ணிக்கொண்டிருக்கும் உன் அப்பா