ஒற்றை விரல்

வெள்ளிக்கிழமை. மழை.

பேத்தி ஷைனி மலைப்பாதைப் போட்டிக்காகப் போன வாரம் ஜீப்பின் முன்பக்கத்தை இரண்டு இஞ்சு உயர்த்தினாள். அதிலிருந்து ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்புகிறாள். பாறசாலைச் சந்தை முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

இன்று நெய்யாற்றின்கரைக்குப் போகையில், செங்கல் என்ற ஊரின் சாலை வளைவைத் தாண்டியும் ஜீப் வளைந்துகொண்டே போனது. எதிரே பஸ் வந்தது. ஷைனி வெடுக்கென்று இழுத்துத் திருப்பினாள்.

“ஸ்டியரிங் தன்னால நேரே வராதா மக்கா?”

“வராது அம்மச்சி. ஆனா திருப்ப நல்ல லைட்டா உண்டுல்லா.”

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு விடச் சொன்னேன். மெக்கானிக் தங்கப்பன் குனிந்து பார்த்தார். உயர்த்தியதில் முன் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் முன்னால் சரிந்துவிட்டதாம். கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால்தான் ஓட்டத்தில் சக்கரம் தானாக நேராகுமாம்.

“சைக்கிளுக்க முன்கம்பி சாஞ்சுல்லா நிக்குது, அதுபோல ஆக்கும். இதுக்கு ஆப்பு வைக்கணும்.”

“எனக்கா, வண்டிக்கா?” என்று ஷைனி சிரித்தாள்.

ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு ஏறியது. திரும்பி வருகையில் அதே வளைவில் கையைத் தளர்த்தினாள். ஸ்டியரிங் தானாக நேரே வந்தது. ஆனால் அவள் முகம் தெளியவில்லை.

“கனமா இருக்கு அம்மச்சி. ஒத்த விரல்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னிய. போட்டிக்கு முந்தி ஆப்பைக் கழத்திரட்டா?”

அந்த பஸ்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நாளை சந்தைக்குப் போய், என் பேத்தி இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஓட்டுகிறாள் என்று நானே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவளிடம் கழற்றாதே என்று சொல்லலாம்.